பேஸ்மேக்கர் எனக்குத்தான்

என்னுடைய மெதுவான நாடித்துடிப்பைப் பல வருடங்களாக எல்லோரும் பாராட்டிக்கொண்டிருந்தார்கள். மைசூரின் தொழிற்பேட்டைப் பக்கம், லாரிகளுக்கான இரும்புச் சட்டங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வெல்டிங் பிரிவுக்கு நான் சூப்பர்வைசர். வருடத்துக்கொரு முறை எங்களுக்கு உடல் பரிசோதனை நடக்கும். சட்டையைத் தளர்த்திக்கொண்டு வரிசையில் நிற்போம். டாக்டர் மணிக்கட்டைப் பிடித்து, கடிகாரத்தைப் பார்த்து, "வாலிபால் ஆடுவீங்கல்ல? ஸ்போர்ட்ஸ்மேன் பல்ஸ்" என்பார். அடுத்த ஆளைக் கூப்பிடுவார். தொழிற்சாலை அணியில் நான் ஆடுவது உண்மைதான். வீட்டுக்கு வந்து மனைவியிடம் அதைப் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன்.

அந்தப் பாராட்டை இப்போது நினைத்தாலும் எனக்குப் பல் நறநறக்கிறது. ஒரு மனிதன் கையில் என் மணிக்கட்டு இருந்தது. என் இதயம் கெட்டுக்கொண்டிருப்பதை அது அவருக்குச் சொல்லியும் கொண்டிருந்தது. அவர் எனக்குச் சான்றிதழ் கொடுத்தார்.

முதலில் வந்தது களைப்பு. மாடிப்படி ஏறினால் நடுவில் நிற்கவேண்டியிருந்தது. அணியிலிருந்து நானாகவே விலகிக்கொண்டேன். கூட ஆடியவர்கள் கல்யாணமானவன், குழந்தை பெற்றவன், தொப்பை விழுந்துவிட்டது என்று கேலி செய்தார்கள். பிறகு ஒரு நாள் குளியலறையில் கண் இருண்டு விழுந்தேன். தெருமுனை கிளினிக்கில் வாயு என்றார்கள், மாத்திரை கொடுத்தார்கள். மறுபடியும் போனபோது வேலையில் டென்ஷனா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். யாருக்குத்தான் இல்லை? அதற்கும் மாத்திரை கொடுத்தார்கள்.

அடுத்த முறை விழுந்தது தொழிற்சாலையில், முகக்கவசத்தை மாட்டியபடி, பற்றவைத்துக்கொண்டிருந்த பையனுக்குப் பின்னால். தாடை கிழிந்தது. தையல் போடக் கொண்டுபோன சின்ன ஆஸ்பத்திரியில் ட்யூட்டியில் இருந்த இளம் டாக்டர் என் நாடியைப் பிடித்தார். பாராட்டவில்லை. மறுபடி பிடித்தார். ஈ.சி.ஜி. எடுக்கச் சொன்னார். தாளைப் பார்த்துவிட்டு, தையலைப் போட்டு முடித்த கையோடு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு என்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்.

அங்கே இதய டாக்டர் ஒரு பெண்மணி. சுற்றிவளைக்காமல் பேசுகிறவர். இதயத்தின் மேல் அறை ஒழுங்காகத் துடிக்கிறது, அது அனுப்பும் உத்தரவு கீழே போய்ச் சேரவில்லை, கீழ் அறை தன்போக்கில் மெதுவாகத் துடித்துக்கொண்டிருக்கிறது என்று கன்னடத்தில் விளக்கினார். பேஸ்மேக்கர் வைத்தே ஆகவேண்டும், வேறு வழி இல்லை. ஆனால் முப்பத்துமூன்று வயதில் இது ஏன் வந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும். கருவியை வைத்த பிறகு சில ஸ்கேன்களைத் தெளிவாக எடுப்பது கஷ்டம் என்பதால், அதையெல்லாம் முதலில் முடித்துவிடலாம். அதுவரை வார்டில், மானிட்டரோடு இருக்கவேண்டும்.

நான் கேட்ட ஒரே கேள்வி, இதை முன்பே கண்டுபிடித்திருக்கலாமா என்பதுதான். கண்டுபிடித்திருக்கலாம் என்றார். அந்த நேர்மைக்காக அவர்மீது எனக்கு மரியாதை வந்தது. அந்தப் பதிலுக்காக மற்ற எல்லோர்மீதும் ஆத்திரம் வந்தது.

அப்பா அடுத்த நாள் காலை வந்து சேர்ந்தார். எங்கள் ஊர் தமிழ்நாட்டு எல்லையோரம், கௌதள்ளிப் பக்கம்; வீட்டில் பேசுவது கொங்குத் தமிழ்தான். அவர் இன்னும் அங்கேதான் மக்காச்சோளமும் மஞ்சளும் போட்டுக்கொண்டிருக்கிறார். அறுபத்தைந்து தாண்டிய ஆள், ஆனால் வரப்பில் நடந்தால் நான் பின்னால் ஓடவேண்டும். அவர் வந்த அன்று என்னை ஸ்கேனுக்குக் கொண்டுபோக ஒரு நர்ஸ் வீல்சேரைத் தள்ளிக்கொண்டு வந்தார். நான் கழிவறையிலிருந்து வந்து கட்டிலின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தேன். அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நர்ஸ் நேராக அவரிடம் போய், "அஜ்ஜா, பன்னி, குத்கொள்ளி" என்று அவர் முழங்கையைப் பிடித்தார். தாத்தா, வாங்க, உட்காருங்க என்கிறார். அப்பா என்ன ஏது என்று புரியாமல் எழுந்து, வீல்சேரில் பாதி உட்கார்ந்தும் விட்டார்.

"பேஷண்ட் நானு" என்றேன்.

நர்ஸ் என் கையிலிருந்த பட்டையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், மன்னிப்புக் கேட்டார். அவர்மேல் தப்பில்லை. அந்த வார்டில் இருந்தவர்கள் எல்லோருமே தாத்தா பாட்டிகள். பக்கத்துக் கட்டில் பெரியவரின் மகன்கூட அன்று காலை என்னிடம், அப்பாவை எப்போது அட்மிட் செய்தீர்கள் என்றுதான் கேட்டார். தவறு யாருடையதாக இருந்தாலும் அந்த வீல்சேரில் நான்தான் போய் உட்காரவேண்டியிருந்தது. அப்பா எழுந்து இடம் விட்டார். கோபத்தில் அதன் கைப்பிடியை ஓங்கித் தட்டிவிட்டு உட்கார்ந்தேன்.

பயம் எப்படி இருந்தது என்று இப்போது யாராவது கேட்டால், கோபம் போலத்தான் இருந்தது என்பேன். என் தலைக்கு மேல் மானிட்டரில் ஒரு பச்சை எண் ஓடிக்கொண்டிருந்தது. நாற்பதுக்குக் கீழேயே கிடந்தது. அதைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. கண்ணை மூடினால், மூடியிருக்கும்போது அது நின்றுவிடும் என்று தோன்றும். திறந்து பார்ப்பேன். பயந்தால் நெஞ்சு படபடக்கும் என்று ஊர் உலகம் சொல்கிறது. எனக்கு உள்ளங்கை வியர்த்தது; அந்த எண் மட்டும் அசையவில்லை. பயப்படுவதற்குக்கூட என் இதயம் என்னோடு வரவில்லை.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் தைரியமாக இரு என்றார்கள். இப்போதெல்லாம் இது ரொம்பச் சாதாரணம், என் மாமனாருக்கு வைத்து நன்றாக இருக்கிறார், என் பெரியம்மாவுக்கு வைத்தார்கள், எண்பது வயது வரை இருந்தார் என்றார்கள். அவர்கள் போன பிறகு நான் தலையணையைக் குத்துவேன். தொழிற்சாலையிலிருந்து மேனேஜர் போன் செய்தார். வெல்டிங் மின்சாரம் பேஸ்மேக்கரைக் குழப்புமாமே, அந்தப் பக்கம் இனி நீங்கள் போகக்கூடாதாமே, கூகுளில் பார்த்தேன், ஆபீசில் ஒரு சீட் பார்க்கலாம், நிதானமாக வாருங்கள் என்றார். நான் இன்னும் என் டாக்டரிடமே அதைக் கேட்டிருக்கவில்லை. அதற்குள் என் இடத்துக்கு ஆளை முடிவு செய்தாயிற்று என்பது அவர் குரலிலேயே தெரிந்தது.

மனைவி மட்டும் தைரியமாக இரு என்று சொல்லவில்லை. அவள் மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவள், அவள் அப்பா ரயில்வேயில் இருந்தவர்; தமிழும் கன்னடமும் கலந்துதான் பேசுவாள். மத்தியானச் சாப்பாட்டை எடுத்துவந்தவள், நான் மானிட்டரையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு அதன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்தாள். நர்ஸ் வந்து திட்டினார். நாங்க வெளியே டேபிள்ல பாத்துக்கிட்டுத்தானே இருக்கோம், இங்கே திருப்ப வேண்டியதில்லை என்றார். இவள் விடவில்லை. "நீங்க பாக்கறீங்க அல்வா, இல்லையா? அப்ப இவர் எதுக்குப் பாக்கணும்?" என்றாள். அந்த நர்ஸ் கொஞ்சம் யோசித்துவிட்டு, தனக்குத் தெரியும்படி, எனக்குத் தெரியாதபடி அதைச் சாய்த்து வைத்துவிட்டுப் போனார்.

பிறகு அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, எதற்கெல்லாம் பயமாக இருக்கிறது என்று சொல்லச் சொன்னாள். எரிந்து விழுந்தேன். அவள் எழுந்திருக்கவில்லை. கடைசியில் சொன்னேன். பேட்டரி தீர்ந்துபோனால் என்ன ஆவது என்பதில் தொடங்கி, வெல்டிங் வேலை போய்விடும், குழந்தையைத் தூக்க முடியாது, அறுக்கும்போது விழித்திருக்கவேண்டுமாம், நடுவில் செத்துப்போய்விட்டால் என்பது வரை எல்லாவற்றையும் கத்திச் சொன்னேன். பக்கத்துக் கட்டில் பெரியவர் போர்வையை இழுத்துக்கொண்டு திரும்பிப் படுத்தார். "சரி. டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தா இதெல்லாத்தையும் கேப்போம். சாவைப் பத்தியும் கேப்போம், அஷ்டே, அவ்வளவுதான்" என்றாள். கேட்கவும் செய்தாள். ஒவ்வொன்றுக்கும் பதில் வந்தது. சில பதில்கள் நன்றாக இல்லை. ஆனால் இருட்டில் தடவிக்கொண்டிருந்ததைவிட அது மேல்.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது அப்பா பெரும்பாலும் வராந்தாவில்தான் இருந்தார். அடிக்கடி அவருக்குப் போன் வரும். குரலைத் தாழ்த்திப் பேசுவார். நான் ஏதாவது கேட்டால், தோட்டத்தில் தண்ணி விடுவதைப் பற்றி என்பார்.

ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவும் சித்தியும் ஊரிலிருந்து வந்தார்கள். அப்பாவின் தம்பி. வழியில் ஹனூரில் வாங்கிய மாதுளையும் இளநீருமாக இரண்டு பை. என் கட்டிலின் காலடியில் அப்பா நின்றுகொண்டிருந்தார். சித்தப்பா என் பக்கம் லேசாகத் தலையாட்டிவிட்டு நேராக அவரிடம் போனார். இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"அண்ணா, ஏனுங்க நின்னுக்கிட்டு இருக்கறீங்க? படுங்க. மெசினு வெக்கற வரைக்கும் நடமாடக்கூடாதுன்னு சொல்லலீங்களா?"

அப்பா கையை விடுவித்துக்கொள்ளப் பார்த்தார். சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டார். என்னைப் பார்த்து, "நீ ஏஞ்சாமி கட்டல்ல படுத்திருக்கறே? அலுப்பா? அப்பனைப் படுக்க வெச்சுப்போட்டு நீ கீழ படுத்துக்கோ" என்றார்.

எனக்கு ஒரு நிமிடம் ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. போன்களெல்லாம் அதற்குத்தான். மைசூரில் அவருக்கு நெஞ்சில் கருவி வைக்கப்போகிறார்கள் என்று அப்பா ஊர் முழுக்கச் சொல்லியிருந்தார். அவருக்கு. மகன் கூட இருந்து பார்த்துக்கொள்கிறான் என்றும் சொல்லியிருந்தார்.

"மெசினு அப்பாவுக்கு இல்ல, சித்தப்பா. எனக்குத்தான்" என்றேன். சட்டையைத் திறந்து நெஞ்சில் ஒட்டியிருந்த வயர்களைக் காட்டினேன்.

சித்தப்பா அப்பாவைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்தார். சித்தி, சின்னப் பையனுக்கா, என்று நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். பிறகு அவர் கண் என் மனைவியின் பக்கம் போனது. தலையிலிருந்து கால்வரை, ஏற்கெனவே தாலி அறுத்தவளைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை. சித்தப்பா குரலைத் தாழ்த்தி, குழந்தைக்கும் இது இருக்குமா, பார்த்தீர்களா, நம்ம வீட்டில் யாருக்கும் இதுவரை இல்லையே என்றார். கல்யாணத்துக்கு முன்பே இருந்ததா என்றும் கேட்டார். மனைவி அவர்களை டீ குடிக்க வெளியே கூட்டிப்போனாள்.

அப்பாவும் நானும் மட்டும் இருந்தோம்.

"எதுக்குப்பா அப்பிடிச் சொன்னீங்க?"

"எனக்குன்னு சொன்னா ஆரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்க, கண்ணு. வயசான கட்டை. உனக்குன்னு சொன்னா பாத்தியல்ல? உன்ற பொண்டாட்டிய எப்பிடிப் பாத்தாங்கன்னு பாத்தியல்ல?"

"அதுக்கு? நான் ஊருக்கு வரும்போது சட்டையக் கழட்டாம இருக்கணுமா? சாகற வரைக்கும் நீங்க நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு நடிப்பீங்களா?"

"நடிச்சா என்னடா" என்றார். அவர் குரல் உடைந்தது. "வரவேண்டியது எனக்குத்தானே. எனக்கு வந்திருக்கோணும்."

இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வந்ததிலிருந்து அவர் முகத்தில் இதுதான் எழுதியிருந்தது. அவர் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் என்மேல் விழுந்த அநியாயத்தை நான் புதிதாகப் பார்க்கவேண்டியிருந்தது, கூடவே அவருக்கும் ஆறுதல் சொல்லவேண்டியிருந்தது. "உங்களுக்கு வரல. எனக்கு வந்திருக்கு. நான் பயந்து செத்துக்கிட்டு இருக்கேன், நோயாளின்னு சொல்லி நீங்க இளநி வாங்கிக்கிறீங்க. என்ற நோவையாவது எனக்கு விட்டு வைங்க" என்றேன். குரல் வார்டு முழுக்கக் கேட்டிருக்கும். வெளியிலிருந்து நர்ஸ் ஓடிவந்து மானிட்டரைப் பார்த்து, முப்பத்தெட்டு என்றார். அவ்வளவு கத்தியும் முப்பத்தெட்டுதான்.

அப்பா வராந்தாவுக்குப் போய்விட்டார்.

சித்தப்பா கேட்டது முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. என் மகளுக்கு அப்போது நான்கு வயது. இது அவளுக்கும் இருந்தால்? அதுவரை என் பயமெல்லாம் என்னைப் பற்றியதாகத்தான் இருந்தது. இது வேறு மாதிரி, மூச்சே விடமுடியாத பயம். டாக்டரிடம் கேட்டோம். ஒரு ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிடலாமே என்று சாதாரணமாகச் சொன்னார். மறுநாள் மகள் சட்டையைக் கழற்றிப் படுத்துக்கொண்டு, குளிர்ந்த கிளிப்புகளை மாட்டியபோது கூச்சத்தில் சிரித்தாள். தாளில் எல்லாம் சரியாக இருந்தது. என்னுடைய ஸ்கேனிலும் வேறு நோய் எதுவும் தெரியவில்லை. காரணம் என்னவென்று கேட்டபோது, சில பேருக்குக் காரணம் கிடைப்பதில்லை என்றார் டாக்டர். திட்டுவதற்கு ஒரு காரணம்கூட எனக்குக் கிடைக்கவில்லை.

கருவி வைக்கும் நாள் வந்தது. அறை குளிராக இருந்தது. இடது தோள்பட்டைக்குக் கீழே மரத்துப்போக ஊசி போட்டார்கள். முகத்தின் மேல் பச்சைத் துணி கூடாரம் மாதிரி வந்து விழுந்தது. வலி இல்லை, ஆனால் யாரோ என்னைப் பிடித்து அழுத்துவதும் இழுப்பதும் தெரிந்தது. துணிக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் ரிங் ரோட்டில் ட்ராஃபிக் எப்படி ஆகிவிட்டது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் காலையில் ஒரு சிக்னலில் மாட்டிக்கொண்டதை ரசித்துச் சொன்னார். இன்னொருவர் சிரித்தார். என் நெஞ்சு திறந்துகிடக்கிறது.

அந்தத் துணிக்கு அடியிலிருந்து கன்னடத்தில் சொன்னேன். கத்தவில்லை, கத்தினால் நெஞ்சு அசையும் என்று பயம். நான் தூங்கவில்லை, எல்லாம் கேட்கிறது, ட்ராஃபிக்கைப் பிறகு பேசுங்கள், இப்போது என்ன செய்கிறீர்கள் என்று எனக்குச் சொல்லுங்கள் என்றேன்.

பேச்சு நின்றது. டாக்டரின் குரல் கேட்டது. மன்னிக்கவேண்டும் என்றார். அதற்குப் பிறகு அவர் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். இப்போது ரத்தக்குழாய்க்குள் வயரை விடுகிறேன். இப்போது ஒரு துடிப்பு தாறுமாறாக வரும், பயப்படாதீர்கள். வந்தது. இப்போது வயரின் நுனியை உள்ளே திருகுகிறேன். திருகுவது எனக்குத் தெரிந்த வேலை. மனம் அதைப் பிடித்துக்கொண்டது. எவ்வளவு இறுக்கவேண்டும் என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, மெஷின் சொல்லும் என்றார். என் பயம் அந்த அறையில்தான் முதன்முறையாகக் குறைந்தது. தைரியசாலி ஆகிவிட்டேன் என்பதல்ல. என் உடம்பில் என்ன நடக்கிறது என்பதை யாரோ எனக்குச் சொன்னார்கள், அவ்வளவுதான். இத்தனை நாளும் இவ்வளவுதானே வேண்டியிருந்தது.

பிறகு கருவியை இணைத்தார்கள். எதுவும் தெரியாது என்று சொல்லியிருந்தார்கள். ஆனால் கொஞ்ச நேரத்தில் என் பாதங்கள் சூடாயின. பல மாதங்களாக அவை குளிர்ந்து கிடந்தன என்பதே அப்போதுதான் தெரிந்தது. வெளியே தள்ளிக்கொண்டு வந்தபோது மனைவி என் முகத்தைப் பார்த்தாள். உதடு நிறம் மாறியிருக்கிறது என்றாள்.

வீட்டுக்கு வந்த பிறகும் கோபம் போகவில்லை. இடது கையைத் தோளுக்கு மேல் தூக்கக்கூடாது, மகளைச் சில வாரங்கள் தூக்கக்கூடாது என்றார்கள். அவள் கை நீட்டும்போதெல்லாம் நான் குனிந்து உட்காரவேண்டியிருந்தது. மேனேஜரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிவரும்படி டாக்டர் சொன்னார்: எந்த வெல்டிங் மெஷின், எவ்வளவு மின்சாரம், நான் எவ்வளவு தள்ளி நிற்பேன். அந்த விவரங்களைத் தர மேனேஜருக்கு ஒரு மாதம் ஆனது. நானும் விடவில்லை. கடைசியில் எனக்குக் கிடைத்தது ஆபீஸ் சீட் இல்லை. இரும்புச் சட்டங்களைப் பரிசோதிக்கும் பிரிவு, அதே கூரைக்குக் கீழே. வெல்டிங் தீப்பொறியை இப்போது தூரத்திலிருந்து பார்க்கிறேன். கையில் எடுத்துச் செய்யமுடியாது என்பது இன்றும் உறுத்துகிறது. மருத்துவப் பரிசோதனைக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் ஈ.சி.ஜி. எடுக்கவேண்டும் என்று தொழிற்சங்கத்தில் பேசினேன், சண்டை போட்டேன். இன்னும் பதில் வரவில்லை. மறுபடியும் கேட்பேன்.

அப்பா தையல் பிரிக்கும்வரை எங்களோடு இருந்தார். காலையில் என் மகளை நர்சரிக்குக் கூட்டிப்போவார், வந்து வராந்தாவில் உட்கார்ந்துகொள்வார். நாங்கள் தேவைக்குப் பேசிக்கொண்டோம். ஊருக்குக் கிளம்பிய அன்று நானும் அவரோடு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். அவர் பையை நான் வலது கையில் வாங்கிக்கொண்டதற்கு முணுமுணுத்தார். கொள்ளேகால் பஸ் நின்றுகொண்டிருந்தது. ஏறி உட்கார்ந்தவர் ஜன்னல் வழியாக, "ஊர்ல நானே சொல்லிப்போடறேன்" என்றார்.

"என்னன்னு?"

"உனக்குத்தான் வெச்சிருக்குதுன்னு. நான் பொய் சொன்னேன்னும் சொல்லிப்போடறேன்."

"சொல்லுங்க" என்றேன். வேண்டாம் என்று நான் சொல்வேன் என அவர் எதிர்பார்த்திருக்கலாம். நான் சொல்லவில்லை. அவர் தலையாட்டினார். சட்டைக்கு வெளியே லேசாகப் புடைத்துத் தெரிந்த இடத்தைப் பார்த்தார். தொடவேண்டும் என்று கை வந்தது, ஜன்னல் கம்பியோடு நின்றுவிட்டது. வலிக்குதா என்று கேட்டார். கொஞ்சம் என்றேன்.

சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு ஊரிலிருந்து எனக்கு நேராகவே போன்கள் வந்தன. பாதி முட்டாள்தனமான கேள்விகள். சிலவற்றுக்குப் பதில் சொன்னேன், சிலரைத் திட்டினேன். ஒரு நாள் சித்தப்பா கூப்பிட்டார். கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேசினார். பிறகு, பிள்ளைகள் எல்லோரையும் கொள்ளேகாலுக்குக் கூட்டிப்போய் ஈ.சி.ஜி. எடுத்துவிட்டதாகவும், எல்லோருக்கும் நன்றாக இருப்பதாகவும் சொன்னார். அப்பாவையும் இழுத்துக்கொண்டு போனாராம்.

அப்பாவுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"அண்ணனுக்கு ஒண்ணுமில்லீன்னு சொல்லிப்போட்டாங்க. அதைக் கேட்டு ஆஸ்பத்திரியிலயே உக்காந்து அழுதுபோட்டாரு" என்றார்.